வால்ரஸின் வயிறு

உயிரில்லாத மிருகங்களைச் செய்து பிழைக்கிறவர்களின் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க யாருக்கும் எந்தப் படிப்பும் தேவையில்லை. கண் இருந்தால் போதும். பார்சல் கொடுக்க வருகிறவர்கூட வாசலில் நின்று "கால் கொஞ்சம் குட்டையா இருக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போவார். அன்று முழுக்க நமக்கு அந்தக் கால் குட்டையாகவே தெரியும். உங்களில் தையல்காரர்கள், கல்யாண கேக் செய்கிறவர்கள், அடுத்தவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு நன்றாகவே புரியும்.

நான் சென்னையில் சினிமாவுக்கு விக் கட்டிக்கொண்டிருந்தவள். இப்போது ஆக்லாந்தில், விரி என்கிற பகுதியில் கிடங்குகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பட்டறையில் வேலை. அருங்காட்சியகங்களுக்காக நாங்கள் செய்யும் மிருக உருவங்களுக்கு முடி நடுவதும் தோலுக்கு வர்ணம் தீட்டுவதும் என் பொறுப்பு. இங்கேயே நிரந்தரமாகத் தங்க நாங்கள் ரெசிடென்ஸுக்கு விண்ணப்பம் போட்ட அதே வருடம்தான் வால்ரஸ் குடும்பமும் எங்கள் தலையில் வந்து விழுந்தது.

குடும்பப் படம்

எங்கள் முதலாளி கிரேக் நல்ல மனிதர். கெட்ட செய்தியைக்கூட வானிலை சொல்வது போலச் சொல்வார். ஒருநாள் டீ நேரத்தில் மேஜை மேல் ஒரு வரைபடத்தை விரித்தார். அப்பா, அம்மா, பிறந்து சில நாளே ஆன குட்டி என்று மூன்று வால்ரஸ்கள். மூன்றும் அசல் அளவில் வேண்டுமாம். அப்பா மட்டும் மூன்று மீட்டருக்கு மேல் நீளம், உயிரோடு இருந்தால் ஒரு டன்னைத் தாண்டும் எடை. பக்கத்திலேயே அதன் தோலையும் கொழுப்பையும் வெட்டிக் காட்டுகிற மாதிரி ஒரு துண்டும் செய்ய வேண்டும்.

பிறகு கிரேக் வழக்கமான குரலில் சொன்னார், பட்டறைக்கு வேறு வேலை எதுவும் வரவில்லை, அருங்காட்சியகம் இதைத் திருப்பி அனுப்பினால் கதவை மூடவேண்டியதுதான் என்று. நான் டீயைக் கீழே வைத்தேன். என் விசா இந்தப் பட்டறையோடு கட்டியது. என் வீட்டுக்காரர் முரளியும், ஒன்பது வயது மகள் இனியாவும் என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே நிற்கிறார்கள். இந்த வேலை போனால் ரெசிடென்ஸ் விண்ணப்பமும் அதோடு போகும், மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். இது கிரேக்குக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னார்.

"கவலைப்படாதே சுமதி. ஒரு குண்டு மிருகம். அதுல போய் என்ன தப்பு பண்ணிட முடியும்?"

கழுத்து

எங்கள் பட்டறையின் கை என்றால் அது யோகன் அண்ணன்தான். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இப்போது பிளாட் புஷ் என்ற பேட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறார். கம்பியை வளைத்து எலும்புக்கூடு கட்டுவது, அதன்மேல் தெர்மோகோலைச் செதுக்குவது, ஃபைபர் போடுவது எல்லாம் அவர். நான் தோலில் தொடங்குவேன், அவர் தோலில் முடிப்பார்.

ஆண் வால்ரஸ் பதினைந்து வயது வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்குமாம். பெண் பத்து வயதுவாக்கிலேயே வளர்ச்சியை நிறுத்திவிடும். ஆணுக்குக் கழுத்திலும் தோளிலும் தோல் தடித்து, முண்டு முண்டாக நிற்கும். ஒன்றையொன்று தந்தத்தால் குத்தும்போது அதுதான் கவசம். யோகன் அண்ணன் படங்களைப் பார்த்து அந்தக் கழுத்தை நாள் கணக்கில் செதுக்கினார். கிரேக் வந்து பார்த்துவிட்டு, ரொம்பத் தடிமன், கொஞ்சம் குறைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்றார். அண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அன்று முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் சொல்வதை இன்னொருவருக்கு நான் தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், இரண்டு பக்கத்துக் கோபத்தையும் பாதியாக்கி.

"கழுத்தைக் குறைச்சால் உது ஆம்பிளை இல்லை தங்கச்சி. மீசை வைச்ச பொம்பிளை" என்றார் அண்ணன். பெண் வால்ரஸுக்கும் மீசை உண்டு, நானே நூற்றுக்கணக்கில் நட வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். சற்று யோசித்தார்.

"அப்ப இன்னும் மோசம்."

எடை மேடை

விண்ணப்பத்துக்கு மூன்று பேருக்கும் மெடிக்கல் எடுக்க வேண்டியிருந்தது. என்னையும் இனியாவையும் டாக்டர் சீக்கிரமே பார்த்து அனுப்பிவிட்டார். முரளியை எடை மேடையில் ஏறச் சொன்னார். ஏறினார். இறங்கி, ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். ஏறினார். பெல்ட்டையும் பர்ஸையும் எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். நர்ஸ் இடுப்பை அளக்க வந்தாள், நாடா போதாமல் வேறு நாடா எடுக்கப் போனாள். அவள் திரும்பி வருகிறவரை முரளி சட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். நான் சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளை மேலிருந்து கீழே படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஊருக்கு வந்தபோது அவர் இப்படி இல்லை. ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்த இடத்தில் வேலை, ஷிஃப்ட்டுக்கு நடுவில் பெட்ரோல் பங்க்கில் வாங்குகிற கொத்துக்கறி அடைத்த சூடான மின்ஸ் பை, வீட்டுக்கு வந்தால் என் சாம்பார் சாதம். உடம்பு ஏறிவிட்டது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, ரத்த அழுத்தமும் கொஞ்சம் கூட, இமிக்ரேஷன் ஸ்பெஷலிஸ்ட் அறிக்கை கேட்கும் என்றார் டாக்டர். குடும்பத்தில் ஒருவருக்கு ஆகாது என்றால் மூன்று பேருக்கும் ஆகாது. இதை அவர் சொல்லவில்லை, ஏற்கெனவே எங்களுக்குத் தெரியும். கதவு வரை வந்து முரளியின் தோளைத் தட்டி அனுப்பினார்.

"முடிஞ்ச அளவு குறைங்க. அந்த அறிக்கைக்கு முன்னாடி எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது."

கொழுப்புத் துண்டு

அடுத்த வாரமே எனக்குக் கொழுப்புக் கலக்குகிற வேலை வந்தது. வெட்டிக் காட்டும் துண்டில் மேலே தோல், அதன் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசை. கொழுப்பு மட்டும் என் உள்ளங்கை அகலத்துக்கு இருக்க வேண்டும். சிலிக்கானில் வெள்ளையையும் மஞ்சளையும் விட்டு அந்த நிறத்தைப் பிடிக்கத் தெரியாமல் தவித்தேன். பகலெல்லாம் "இன்னும் கொஞ்சம் கொழுப்பு போடு" என்று பட்டறையில் சொல்கிறார்கள், சாயங்காலம் ரானுயியில் இருக்கும் எங்கள் வீட்டில் முரளியின் தட்டிலிருந்து நான் சோற்றை எடுத்துத் திரும்பச் சட்டியில் போடுகிறேன். அவர் வெள்ளரிக்காயைக் கடிப்பார். அந்தக் கறுக் கறுக் சத்தம் சண்டையைவிட மோசம்.

மதியம் அண்ணன் டிபன் டப்பாவைத் திறந்தார். ஆட்டுக் கறி. அதன் ஓரத்தில் உறைந்த கொழுப்பைக் கரண்டியால் நகர்த்திப் பார்த்தார், என் சிலிக்கானைப் பார்த்தார், மறுபடி டப்பாவைப் பார்த்தார்.

"இந்தா தங்கச்சி, நிறம். வீட்டிலை மனுசி விரதம் எண்டு நாளைக்கு மரக்கறிதான், இண்டைக்கே பாத்துக்கொள்ளுங்கோ."

குட்டி

பள்ளி விடுமுறையில் இனியாவை ஒருநாள் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். குட்டி வால்ரஸ் அப்போதுதான் அச்சிலிருந்து வெளியே வந்திருந்தது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம். நிஜக் குட்டி பிறக்கும்போதே இனியாவைப் போல இரண்டு மடங்கு எடை இருக்கும் என்று சொன்னேன். அவள் அதன் பக்கத்தில் தரையில் படுத்து, தோளைத் தோளோடு வைத்து அளந்து பார்த்தாள். இரண்டு வருடம் வரைக்கும் அம்மாவிடம் பால் குடிக்குமா, அம்மா எங்கே போனாலும் கூடவே போகுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம்போல நான் தமிழில் சொன்னதற்கெல்லாம் இங்கிலீஷில்தான் பதில்.

அப்படியே கூரையைப் பார்த்தபடி, அப்பா டெஸ்ட்டில் பாஸாகவில்லை என்றால் நாம் இங்கே இருக்க முடியாதா என்று கேட்டாள். நாங்கள் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. அவள் எழுந்து, சட்டையில் ஒட்டிய தெர்மோகோல் தூளைத் தட்டிக்கொண்டாள்.

"அப்போ ஸ்கூல் டிராமாவுல எனக்கு வேஷம் குடுக்க வேணாம்னு மிஸ்கிட்ட சொல்லிடறேன். நடுவுல போனா அவங்களுக்குக் கஷ்டம்."

நாலு கொக்கி

வேலை முக்கால்வாசி முடிகிற நேரத்தில் வாடிக்கையாளருக்கு மனசு மாறும். அதற்கு முதலாளி "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று போனில் சொல்வார். இது எல்லாத் தொழிலிலும் உண்டு, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐஸ் மேல் படுத்திருக்க வேண்டிய அப்பா வால்ரஸ் தண்ணீரில் நீந்துகிற மாதிரி கூரையிலிருந்து தொங்கினால் நன்றாக இருக்கும் என்று அருங்காட்சியகத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. கிரேக் ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். தொங்குவது என்றால் கொக்கிதான் என்று எங்களுக்கும் தோன்றியது. அண்ணன் உள்ளே கம்பியைப் பலப்படுத்தி, முதுகில் நாலு கொக்கி வைத்தார். துடுப்புகளை விரித்தார். நான் இளஞ்சிவப்பும் பழுப்புமாக வெயில் காய்கிற நிறத்தில் தோலை முடித்தேன். எங்களுக்கே பெருமையாக இருந்தது.

பார்த்து ஒப்புதல் தர ஹெலன் வந்தார். அருங்காட்சியகத்தில் கடல் மிருகங்களுக்குப் பொறுப்பான விஞ்ஞானி. அதிர்ந்து பேச மாட்டார். பளு தூக்கியில் வால்ரஸை ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினோம். ஹெலன் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். மறுபடி சுற்றி வந்தார். கிரேக் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். நாங்கள் பார்த்துச் செய்த படங்கள் எல்லாம் கரையில் படுத்திருக்கிற வால்ரஸின் படங்கள். தன் எடையிலேயே தட்டையாகி, வயிறு இரண்டு பக்கமும் வழிந்து, கழுத்து மடிப்பு மார்பில் சரிந்து கிடக்கிற உடம்பு. அந்த உடம்பைத்தான் நாங்கள் நாலு கொக்கியில் மாட்டிக் காற்றில் தூக்கியிருந்தோம். ஹெலன் சொன்ன பிறகு அது அப்பட்டமாகத் தெரிந்தது, அதுவரை எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"இது படுத்திருக்கு. கீழே இருந்த ஐஸை யாரு எடுத்தது?"

கடன்

திறப்பு விழாத் தேதியை மாற்ற முடியாது என்று ஹெலன் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீருக்குள் எடுத்த சில வீடியோக்களை அனுப்பிவைத்தார். அதில் எனக்கு நிறம் கிடைத்தது. வெயிலில் ரத்தம் தோலுக்கு வந்து இளஞ்சிவப்பாக இருக்கிற அதே வால்ரஸ், ஐஸ் தண்ணீரில் ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சாம்பலாக வெளிறிவிடுகிறது. யோகன் அண்ணனுக்கு அந்த வீடியோக்கள் போதவில்லை. கலங்கிய தண்ணீர், மிருகம் ஒரு நொடி தெரிந்து மறைகிறது. தண்ணீரில் மிதக்கும்போது அவ்வளவு கொழுப்பும் எந்தப் பக்கம் போகிறது, வயிறு எங்கே உருளுகிறது, மடிப்பு எங்கே மறைகிறது என்பது கைக்குத் தெரியாமல் செதுக்க ஏலாது என்றார். யாராவது ஒரு பெரிய உடம்புக்காரர் கவிழ்ந்து மிதந்தால் தான் கீழே போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ரெசின் டப்பாவைப் பார்த்தார். அவர் யாரை நினைக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்ததும் அவருக்குத் தெரிந்தது.

முரளிக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த எடை மேடைக்குப் பிறகு அவர் கண்ணாடி முன்னால் நிற்பதைக்கூட விட்டிருந்தார். என்னிடமும் இனியாவிடமும் தேவைக்கு மேல் பேசுவதில்லை. அப்படிப்பட்டவரிடம் போய் எப்படிக் கேட்பது? சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை உப்பை நகர்த்தி வைத்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்தது. வெள்ளரிக்காயைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்க் கார் சாவியை எடுத்தார், திரும்ப மாட்டினார். எனக்குப் பயமாகவும் வெட்கமாகவும் இருந்தது. இவரைக் காயப்படுத்தித்தான் இந்த நாட்டில் இருக்க வேண்டுமா என்று தோன்றியது. வேண்டாங்க, விட்டுடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

"டாக்டர், கவர்மெண்ட், நீ, எல்லாரும் கொறைங்கறீங்க. இப்ப நீயே வந்து அதக் கடன் கேக்குற. சரி, சனிக்கிழம போலாம். கொறையறதுக்குள்ள வாங்கிக்க."

நீச்சல் குளம்

சனிக்கிழமை காலை நானும் முரளியும் யோகன் அண்ணனும் பொது நீச்சல் குளத்துக்குப் போனோம். முரளி டீ-ஷர்ட்டோடு கரையில் நின்றார். குழந்தைகளுக்கு நீச்சல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது, பெற்றோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கரையில் படுத்துக் காட்டட்டுமா என்று முரளி கேட்டார். "தேவையில்லை தம்பி, படுத்த உடம்பை நாங்கள் தேவைக்கு மேலை பாத்திட்டம்" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். அந்த வார்த்தைக்காக அவருக்கு நான் என்றைக்கும் நன்றியாக இருப்பேன். முரளி சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தண்ணீரில் இறங்கி, மூச்சை இழுத்துப் பிடித்து, கவிழ்ந்து, கையையும் காலையும் விரித்து அசையாமல் மிதந்தார். அண்ணன் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு அடியில் போனார்.

நான் தண்ணீருக்குள் பார்த்தேன். கரையில் அவருக்குப் பாரமாக இருந்ததெல்லாம் தண்ணீரில் பாரமாகவே இல்லை. வயிறு பக்கவாட்டில் வழியாமல் ஒரே உருண்டையாகத் திரண்டு நின்றது. இடுப்பு மடிப்புகள் காணாமல் போயிருந்தன. அண்ணன் அடியில் மல்லாந்து, உள்ளங்கையை விலா ஓரமாகக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தார். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போனார். அவருக்காக முரளி இன்னும் பிடித்துக்கொண்டு கிடந்தார். நான் அந்த வளைவு எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை.

விசில் சத்தம் கேட்டது. உயிர்காக்கும் பெண் சட்டையோடு குதித்தாள். பின்னாலிருந்து முரளியின் தாடையைப் பிடித்து மல்லாத்தினாள், அவர் திடுக்கிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டார். இருமினார், மூச்சு வரவில்லை, உதடு வெளுத்தது. நான் உடுத்திய உடையோடு இறங்கிவிட்டேன். அந்தச் சில நொடியில் விசா, வால்ரஸ், பட்டறை எதுவும் என் ஞாபகத்தில் இல்லை. அவர் இருமி முடித்து, கையைத் தூக்கி "ஒண்ணுமில்ல" என்று காட்டிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. யோகன் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வளைவு பிடிபட்டிட்டுது" என்றார். ஆபத்தில்லை என்பது நிச்சயமான பிறகு அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்.

"உன் புருஷன் தலைகுப்புற அசையாம கிடக்கிறார். நீங்க ரெண்டு பேரும் அவர் வயித்தையா வேடிக்கை பாத்துட்டிருந்தீங்க?"

அறுவை

ஃபைபர் போட்டு முடிந்த உருவத்தை வெட்டுவது எங்கள் தொழிலில் யாரும் ஆசைப்படுகிற காரியம் இல்லை. உள்ளே கொக்கிகளைத் தாங்குகிற கம்பி எங்கே ஓடுகிறது என்பது அண்ணனின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. வெட்டுகிற கிரைண்டர் ஒரு அங்குலம் தவறினாலும் வால்ரஸ் கூரையிலிருந்து ஜனங்கள் தலைமேல் வரும். அவர் வயிற்றின் மேல் கோடு போட்டார், அழித்தார், கண்ணை மூடிக்கொண்டு கையைக் காற்றில் உருட்டிப் பார்த்தார், மறுபடி போட்டார். வெட்டத் தொடங்கியதும் கிரேக் வெளியே போய் நின்றுகொண்டார்.

வழிந்த பக்கங்களை எடுத்துவிட்டு, வயிற்றை உருண்டையாக வளர்த்து, புதிதாக ஃபைபர் போட்டோம். அப்போது பார்த்து ஆக்லாந்தின் குளிர்கால ஈரம் சுவரில் வடிந்தது. ஃபைபரைப் பிடித்துவைக்கும் ரெசின் பசை இறுகவில்லை. விரல் வைத்தால் ஒட்டியது. வீட்டிலிருந்து ஆளுக்கொரு ஹீட்டர் கொண்டுவந்து வால்ரஸைச் சுற்றி வைத்தோம். நான் சாம்பல் நிறத்தைக் கலந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன், இறுகாத தோலில் வர்ணம் தீட்ட முடியாது. மழை கூரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. கிரேக் வந்து விரலை வைத்தார். எடுத்தார். விரல்நுனியைப் பார்த்தார்.

"இது நாளைக்குள்ள இறுகலைன்னா நாம எல்லாருமே வேற வேலை தேடணும். யாருக்காவது டீ வேணுமா?"

தரையில் படுத்தவர்

இறுகியது. அருங்காட்சியகத்தின் உயரமான கூடத்தில் சங்கிலியைப் பூட்டித் தூக்கினார்கள். பாதி உயரத்தில் ஏதோ கிரீச்சென்றது. எல்லோரும் அப்படியே நின்றோம். அண்ணன் சங்கிலிக்காரரைப் பார்த்து, சங்கிலிதான், உடம்பு இல்லை என்று கையால் சைகை காட்டினார். மறுபடி ஏறியது. அன்று காலைதான் முரளி ஸ்பெஷலிஸ்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கொஞ்சம் குறைந்திருந்தார், நிறைய இல்லை. அறிக்கை அனுப்பிவிடுகிறேன் என்று ஸ்பெஷலிஸ்ட் சொன்னாராம், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லையாம். அதனால் நான் அங்கே நின்றதே பாதி உயிரோடுதான்.

ஹெலன் வந்தார். இந்தத் தடவை சுற்றி வரவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வால்ரஸுக்கு நேர் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். அப்படியே வயிற்றைப் பார்த்தபடி கிடந்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. கிரேக் என் பக்கத்தில் மூச்சு விடுவது கேட்டது. யோகன் அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விரல்களை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தார். ஹெலன் எழுந்திருக்காமலேயே பேசினார்.

"இதுக்கு ஐஸ் தேவையில்லை. இது நீந்துது."

திறப்பு விழா

பட்டறைக்குக் கதவு திறந்தே இருக்கும் என்பது உறுதியாகிவிட்டது. இமிக்ரேஷனிலிருந்துதான் ஒன்றும் வரவில்லை. திறப்பு நாளன்று மூன்று பேரும் போனோம். முரளி கூட்டத்தில் வரமாட்டேன் என்றார், பிறகு இனியாவுக்காக வந்தார். குளத்துக்குப் போன கதையை வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், இப்போது அவரே எழுதலாம் என்று சொன்னதால்தான் எழுதுகிறேன். அவர் வால்ரஸின் வயிற்றை அண்ணாந்து பார்த்தார். வலது கை மட்டும் தன்னையறியாமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டது.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம். வழிகாட்டிப் பெண் சின்னவள், பாடம் மாதிரி ஒப்பிக்காமல் நன்றாகப் பேசினாள். ஒரு பையன் சத்தமாக, இது ஏன் இவ்வளவு குண்டு என்று கேட்டான். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். முரளி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "குண்டு இல்லை. அவன் வாழுற இடத்துல வாழறதுக்கு எவ்வளவு உடம்பு வேணுமோ, சரியா அவ்வளவுதான் இருக்கான்" என்றாள். பிள்ளைகள் அடுத்த கூடத்துக்கு நகர்ந்தார்கள். முரளி நகரவில்லை. அந்தப் பெண் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு குறும்பைப் பார்த்தேன். என் காதருகில் குனிந்தார்.

"இமிக்ரேஷனுக்குன்னு கேட்டா இத லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுப்பாங்களா?"

அந்தக் கடிதம் கேட்காமலேயே ரெசிடென்ஸ் வந்துவிட்டது, ஆனால் இந்த ஊரில் வால்ரஸுக்குச் சரியென்று சொன்னவர் அதன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், இமிக்ரேஷனில் முரளிக்குச் சரியென்று சொன்னவர் அவரை எந்தப் பக்கமிருந்து பார்த்தார் என்பதுதான் எங்களுக்கு இன்றுவரை தெரியாது.